மென்பொருளை மாற்றும் முன் எடைச்சீட்டைத் திருத்துங்கள்

கேள்வி: கோத்தகிரி அருகே சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை எங்களுடையது. அப்பா தொடங்கியது, இப்போது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 9 கொள்முதல் மையங்கள், 6 ஏஜென்டுகள், 700-க்கும் மேற்பட்ட விவசாயிகள். போன வருடம் கோவையிலிருந்து ஒரு நிர்வாக மென்பொருள் வாங்கினோம். 14 மாதம் ஆகிவிட்டது, 14 லட்சம் ரூபாய் போய்விட்டது. இன்றும் எடையும் பட்டுவாடாவும் நோட்டில்தான்; கணக்கு டாலி என்ற கணக்கு மென்பொருளில்தான். மாதக் கடைசியில் இரண்டு பேர் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து மென்பொருளில் ஏற்றுகிறார்கள். அவுட்டர்ன், அதாவது நூறு கிலோ இலைக்குக் கிடைக்கும் தூள், ஒரு நாள் 46 சதவீதம் என்று காட்டுகிறது, மறுநாள் 13. கையிருப்பு மைனஸில் போகிறது. ‘நோட்டே போதும்’ என்கிறார் அப்பா. 32 லட்சத்துக்குப் பெரிய மென்பொருள் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறது இன்னொரு நிறுவனம். எடை போடும் பெரியவர் கணினியைத் தொடவே மறுக்கிறார். தவறு எங்கே? அடுத்து எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நோட்டுக்கும் திரும்ப வேண்டாம். நீங்கள் சொல்லியிருக்கும் கோளாறுகள் எல்லாமே அடையாளம் தெரிகிற கோளாறுகள். அதிக விலை கொடுத்து வேறு மென்பொருள் வாங்கினாலும் அதே கோளாறுகள் அதே வரிசையில் வரும்.

நோட்டில் எழுதுகிறவர் ஒவ்வொரு வரியிலும் ஒரு முடிவு எடுக்கிறார். நனைந்த இலைக்கு எத்தனை கிலோ கழிப்பது, அரைக் கிலோவை மேலே தள்ளுவதா கீழே தள்ளுவதா, ஏஜென்ட் கொண்டுவந்த மூட்டையை யார் பெயரில் எழுதுவது என்று அங்கேயே தீர்மானித்து எழுதிவிடுகிறார். இந்த முடிவுகளுக்கான விதி எந்தத் தாளிலும் கிடையாது. முடிவெடுப்பவரே எழுதுகிறவராகவும் இருந்ததால் அது தேவைப்படவில்லை. மென்பொருள் வந்ததும் அந்த இடங்களில் எல்லாம் ஒரு கட்டம் காலியாக நிற்கிறது. கம்பெனியிடம் பதில் இல்லாதபோது, தட்டச்சு செய்பவர் எதையாவது போட்டுக் கட்டத்தை நிரப்புகிறார். நீங்கள் 14 மாதம் பார்த்த அறிக்கைகள் அப்படி நிரம்பியவை. நிர்வாக மென்பொருள் தோற்றுப்போகும் கம்பெனிகளில் பெரும்பாலும் இதுதான் முதல் காரணம்: கம்பெனி தன் விதிகளை முடிவு செய்யாமலேயே மென்பொருளை நிறுவிவிட்டது.

46, 13 என்ற அவுட்டர்னை முதலில் எடுத்துக்கொள்வோம், அது எளிது. பச்சை இலையின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிலோ இலைக்கு 22 முதல் 25 கிலோ தூள் கிடைத்தால் அது இயல்பு. 46 நடக்கவே முடியாது. திங்கட்கிழமை மாலை வந்து சேரும் இலை இரவெல்லாம் வித்தரிங் தொட்டியில் வாடி, செவ்வாய்க்கிழமைதான் இலையை நசுக்கிக் கிழிக்கும் சி.டி.சி. உருளைக்குள் போகிறது. உதாரணமாகத் திங்களன்று 18,000 கிலோ, செவ்வாயன்று 9,000 கிலோ, புதனன்று 16,000 கிலோ இலை வந்ததாக வையுங்கள். செவ்வாயன்று கிடைக்கும் தூள் திங்கள் இலையிலிருந்து வந்தது: 23 சதவீதக் கணக்கில் 4,140 கிலோ. நள்ளிரவில் தேதியை மாற்றிக்கொள்ளும் மென்பொருள் அதைச் செவ்வாய் இலையான 9,000-ஆல் வகுத்து 46 என்கிறது. புதன்கிழமை கிடைத்த 2,070 கிலோ தூளை 16,000-ஆல் வகுத்து 13 என்கிறது. இரண்டு நாளும் உண்மையான அவுட்டர்ன் 23தான். இதற்குத் தீர்வு, இலை இறங்கும்போதே ‘இலைத் தேதி’ ஒன்றைக் கொடுத்து, உலர்த்தும் இயந்திரமான டிரையரின் வாயில் தூள் எடை போடும்போதும் அதே இலைத் தேதியைப் பதியவைப்பது. பெரும்பாலான மென்பொருள்களில் இதற்குத் தொகுதி எண் என்ற வசதி இருக்கும். அதை யாரும் இயக்கியிருக்க மாட்டார்கள்.

கையிருப்பு மைனஸில் போவதும் இதன் உடன்பிறப்பு. ஒரு கிலோ தூளுக்கு 4.5 கிலோ இலை என்று நிலையான விகிதத்தை உள்ளே வைத்துவிட்டு, தூளைப் பதியும்போது அந்த விகிதப்படி இலையை மென்பொருளே கழித்துக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். பிஸ்கெட் தயாரிப்புக்கு அது சரி. வெயில் நாள் இலையும் மழை நாள் இலையும் ஒரே விகிதத்தில் தூள் தருவதில்லை. அந்தத் தானியங்கிக் கழிப்பை நிறுத்துங்கள். தொட்டியில் ஏற்றிய எடையை அப்படியே பயன்பாடாகப் பதியுங்கள். விகிதம் கணக்கின் முடிவில் வர வேண்டியது, தொடக்கத்தில் திணிக்க வேண்டியதில்லை.

அடுத்தது எடைச்சீட்டு. அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான், ஏனெனில் உங்கள் கம்பெனியின் எல்லாக் கணக்கும் இங்கிருந்து பிறக்கிறது.

உங்கள் மென்பொருளில் எடைக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 42 கிலோ நிறுத்து, சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணீருக்கு 3 கிலோ கழித்து, எழுத்தர் 38 என்று மட்டும் ஏற்றுகிறார். மொத்த எடை தொலைந்துபோகிறது. மூன்று வாரம் கழித்து விவசாயி ‘ஏன் 38?’ என்று கேட்டால் மென்பொருளிடம் பதில் இல்லை, நோட்டிடம் இருக்கிறது. சண்டை வரும்போது பதில் சொல்லும் ஏடுதான் பிழைக்கும். நோட்டு பிழைத்திருப்பதற்குக் காரணம் அதுதான். மொத்த எடை, சாக்குக் கழிவு, தண்ணீர்க் கழிவு, நிகர எடை என நான்கு கட்டம் வேண்டும். முற்றிய இலைக்குக் கழிப்பது உங்கள் வழக்கமானால் அதற்கு ஐந்தாவது கட்டம். அதைத் தண்ணீர்க் கழிவோடு சேர்த்து எழுத விடாதீர்கள். சேர்ந்துவிட்டால் எந்த ஏஜென்டின் இலை தரம் குறைகிறது என்று எப்போதும் தெரியாது.

இதைவிட ஆழமான கோளாறு ஒன்று உண்டு. பழைய விவசாயி ஒருவருக்குக் கிலோவுக்கு 50 பைசா கூடுதலாகக் கொடுக்கச் சொல்லி அப்பா வாய்மொழியாகச் சொல்லியிருப்பார். மென்பொருளில் எல்லோருக்கும் ஒரே விலை. எழுத்தர் என்ன செய்வார்? நூறு கிலோவை 102 என்றோ 103 என்றோ ஏற்றித் தொகையைச் சரிக்கட்டுவார். ஏஜென்டின் வண்டி வாடகை பாக்கியும் இப்படியே எடைக்குள் போகும். பணத்தில் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் தொழிற்சாலைக்கு வராத இலை ஏட்டில் வந்துவிட்டது. அவுட்டர்ன் குறைகிறது, தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் மேல் சந்தேகம் வருகிறது, தொட்டி எடைக்கும் கொள்முதல் எடைக்கும் வித்தியாசம் தெரிந்தால் லாரி டிரைவர் மேல் சந்தேகம் வருகிறது. யாரும் திருடவில்லை, சலுகை எடைக்குள் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். சலுகை கொடுப்பது உரிமையாளரின் விருப்பம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. ‘ஊக்கத்தொகை’ என்று ஒரு தனிக் குறியீடு வைத்து, யாருக்கு, கிலோவுக்கு எவ்வளவு, எதுவரை என்று அப்பா கையெழுத்திட்ட பட்டியலாக உள்ளே ஏற்றுங்கள். எடையை எந்தக் காரணத்துக்காகவும் பணச் சரிக்கட்டலுக்குத் தொடக் கூடாது என்பது உங்கள் முதல் விதியாக இருக்கட்டும்.

விலை விஷயத்துக்கு வருவோம். பொதுவான கொள்முதல் மென்பொருள், விலை தெரிந்த பிறகுதான் சரக்கு வரும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது: முதலில் ஆர்டர், பிறகு சரக்கு, பிறகு பில். உங்களிடம் ஆர்டரே கிடையாது. இலை இன்று வருகிறது. விலை மாதம் முடிந்த பிறகுதான் உறுதியாகிறது. 2003-ஆம் ஆண்டின் தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் தேயிலை வாரியம் அறிவிக்கும் மாதச் சராசரி விலைக்குக் குறையாமல் நீங்கள் கொடுத்தாக வேண்டும். அதனால் மாதம் முழுக்கத் தற்காலிக விலையில் பதிந்து, அறிவிப்பு வந்ததும் வித்தியாசத்தை ஏற்ற வேண்டும். பல மென்பொருள்கள் வழுக்குவது இந்த இரண்டாவது படியில். 3,00,000 கிலோ இலையைத் தற்காலிகமாக 20 ரூபாயில் பதிந்தீர்கள், உறுதி விலை 22.50 என்று வைப்போம். வித்தியாசம் 7.5 லட்சம். அதற்குள் அந்த மாதத் தூளில் 60 சதவீதம் விற்றுப்போயிருந்தால், 4.5 லட்சம் விற்ற சரக்கின் அடக்கத்துக்கும் 3 லட்சம் மட்டும் கையிருப்புக்கும் போக வேண்டும். முழுத் தொகையும் கையிருப்பு மேல் ஏறினால் மீதித் தூளின் அடக்க விலை வீங்கி, அடுத்த மாதம் பொய் நஷ்டம் தெரியும். உங்கள் மென்பொருள்காரரிடம் இந்தக் கணக்கையே கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஜெர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடி நிறுவனம் 2011-இல் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிர்வாக மென்பொருள் திட்டத்தை, சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு 2018-இல் கைவிட்டது. அப்போது வந்த செய்திகள் சுட்டிய காரணங்களில் ஒன்று இதே வகை: கையிருப்பை லிடில் கொள்முதல் விலையில் மதிப்பிட்டுப் பழகியிருந்தது, மென்பொருளின் இயல்பான அமைப்பு விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. பழக்கத்தை மாற்ற லிடில் விரும்பவில்லை, மென்பொருளை மாற்றும் வேலை பெருகிக்கொண்டே போனது. லிடிலுக்காவது தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் வழி இருந்தது. பசுந்தேயிலையின் பின்விலை, அதாவது இலை வந்த பிறகு உறுதியாகும் விலை, சட்டத்திலிருந்து வருவது, அதை நீங்கள் மாற்ற முடியாது. ஆகவே இந்த ஓரிடத்தில் மென்பொருள்தான் வளைய வேண்டும். நான்கு கட்ட எடைச்சீட்டு இன்னோர் இடம். இவை போன்ற இரண்டு மூன்று இடங்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும், ‘எங்களுக்கு இப்படித்தான் வேண்டும்’ என்று திருத்தம் கேட்பதை நிறுத்துங்கள். ரசீதின் தலைப்பு எழுத்து, அறிக்கையின் வரிசை, பழைய நோட்டின் கோடுகள் போலவே திரை என்று கேட்ட ஒவ்வொரு திருத்தமும் அடுத்த பதிப்பு வரும்போது உடையும். ஒவ்வொரு தடவையும் பணம் கேட்கும்.

ஏஜென்ட் கேள்விக்கு நீங்களும் அப்பாவும் ஆடிட்டரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பதில் காண வேண்டும். உங்களுக்கு இலை விற்பவர் விவசாயியா, ஏஜென்டா? இப்போது விவசாயி பெயரில் எடை, ஏஜென்ட் கையில் பணம் என்று கலந்து நடந்தால், மென்பொருளில் 700 பேரின் கணக்கும் பொய். ஏஜென்டைத் தரகராக மட்டும் வைத்தால் அவருக்குக் கமிஷனும் வண்டி வாடகையும் தனிக் கணக்கு. இலைப் பணம் விவசாயியின் வங்கிக்கு நேரே போகும். ஏஜென்டையே விற்பவராக வைத்தால் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) விளைவு வேறு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள்; விளைவித்தவருக்கே நேராகக் கொடுக்கும் விளைபொருள் பணத்துக்கு அதில் விலக்கு உண்டு, இடையாளுக்குக் கொடுத்தால் அதே விலக்கை நம்பியிருக்க முடியாது. ஆடிட்டரின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். முதல் வழியே நல்லது என்பது என் எண்ணம்; உரத்துக்காகக் கொடுத்த முன்பணம் யார் மேல் நிற்கிறது என்ற தகராறும் அதோடு தீரும்.

அந்த முன்பணப் பட்டியலும் பெயர்ப் பட்டியலும் சுத்தமாகாமல் எந்த மென்பொருளும் நிற்காது. ஒரே ஹட்டியில் (படுகர் ஊரில்) மூன்று பெள்ளி, நான்கு போஜன் இருப்பார்கள். ஒரே பெள்ளி மூன்று மையங்களில் ‘பெள்ளி’, ‘ஹெச். பெள்ளி’, ‘பெள்ளி கவுடர்’ என்று மூன்று கணக்காகவும் இருப்பார். பெயரை வைத்துத் தேடாமல் எண்ணை வைத்துத் தேடும் ஏற்பாடு வேண்டும். வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி பெயர், ஹட்டி, கைபேசி எண், வங்கிக் கணக்கு, தேயிலை வாரியம் கொடுத்த அடையாள அட்டை எண், இலை கொடுக்கும் மையம், முன்பண பாக்கி என ஆளுக்கு ஒரு வரி. ஒரு வரிக்கு 5 நிமிடம் என்றால் 700 பேருக்கு ஏறக்குறைய 58 மணி நேரம். இரண்டு பேருக்கு ஒரு வார வேலை. அதை அச்சடித்து, பட்டுவாடா நாளில் ஒவ்வொருவரிடமும் காட்டி, பாக்கித் தொகைக்குக் கையெழுத்து வாங்குங்கள். இந்தக் கையெழுத்து இல்லாமல் தொடங்கினால், மென்பொருள் காட்டும் முதல் பாக்கித் தொகையிலேயே நம்பிக்கை போய்விடும். இழந்த நம்பிக்கையை ஹட்டியில் மறுபடி பெறுவது கடினம்.

தூள் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் போதும். ஒன்று, குன்னூர் ஏலம். மூட்டை கட்டும்போதே கிரேடுவாரியாக லாட் எண் (ஏலத்தில் ஒன்றாக விற்கும் மூட்டைத் தொகுப்பின் எண்) பிறந்துவிட வேண்டும். கிடங்கு, புரோக்கர், கேட்லாக், விற்பனை, பணம் வருவது வரை அதே எண் தொடர வேண்டும். கிடங்குக்கு அனுப்புவது விற்பனை ஆகாது. குன்னூர்க் கிடங்கையும் உங்கள் கையிருப்பு இடங்களில் ஒன்றாக வையுங்கள். டெலிவரி சலானில் அனுப்புங்கள். அனுப்பும்போதே பில் போட்டால் விற்காத லாட்டுகள் எல்லாம் ‘திரும்பி வந்த சரக்கு’ ஆகி, ஜி.எஸ்.டி. கணக்கும் குழம்பும். இரண்டு, அடக்க விலை. ஒரே இலையிலிருந்து பி.ஓ.பி., பி.பி., டஸ்ட் என்று பல கிரேடுகள் ஒரே நேரத்தில் வருகின்றன. செலவை எடைப்படி பிரித்தால் எல்லாக் கிரேடுக்கும் ஒரே அடக்கம் வந்து, மலிவான கிரேடுகள் என்றும் நஷ்டம் காட்டும். விற்பனை மதிப்பின் விகிதப்படி பிரிக்கலாம் என்று கையிருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலை 2-லேயே வழி இருக்கிறது. கழிவுத் தேயிலைக்கும் ஒரு தனிப் பொருள் எண் கொடுத்து எடை போடுங்கள்; 1959-ஆம் ஆண்டின் ஆணைப்படி அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட சரக்கு.

இனி எடை போடும் பெரியவர். அவரை மாற்றாதீர்கள். அவர் மறுப்பதை முரட்டுப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். தண்ணீர்க் கழிவை எந்த மழைக்கு எவ்வளவு போடுவது என்ற அறிவு உங்கள் கம்பெனியில் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. விவசாயியின் கோபத்தை நேருக்கு நேர் வாங்குகிறவரும் அவர். 14 மாதத்தில் யாராவது அவரிடம் ‘எப்படிக் கழிக்கிறீர்கள்?’ என்று கேட்டு எழுதிக்கொண்டார்களா? மென்பொருள் நிறுவனத்தின் ஆட்கள் பெரும்பாலும் அலுவலகத்தில் கணக்கரோடு பேசிவிட்டுக் கீழே இறங்கிவிடுவார்கள். எடை மேடைக்குப் போவதில்லை. அவரோடு இரண்டு மழை நாளும் ஒரு வெயில் நாளும் நில்லுங்கள். காய்ந்த இலை, பனி ஈரம், மழை ஈரம், சொட்டுகிற ஈரம் என நான்கு நிலை வைத்து, ஒவ்வொன்றுக்கும் அவர் கழிக்கும் சதவீதத்தை அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். அந்த அட்டவணை மென்பொருளுக்குள் போகட்டும். மேடையிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். அவர் நிலையைச் சொல்வார், பக்கத்தில் ஓர் இளையவர் பொத்தானை அழுத்துவார். தட்டச்சு செய்ய வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தத் தேவையே இல்லை.

அப்பாவிடமும் ஒன்று கேட்டு வாங்க வேண்டும். விதிகளை இரண்டு மூன்று பக்கத்தில் எழுதுங்கள்: கழிவு அட்டவணை, சலுகைப் பட்டியல், ஏஜென்ட் நிலை, முன்பண வரம்பு, அரைக் கிலோவின் விதி. அவர் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போடட்டும். பிறகு விதிவிலக்கு வேண்டுமென்றால் அந்தத் தாளை மாற்றலாம். எழுத்தரிடம் வாய்மொழியாகச் சொல்லக் கூடாது. முதலாளி ஒருவருக்காக ஒரு தடவை ஏட்டைத் தாண்டினால், மறுநாள் ஏஜென்டுகள் எல்லோரும் தாண்டச் சொல்லிக் கேட்பார்கள். அப்பா நோட்டை விரும்புவதில் ஒரு நியாயம் இருக்கிறது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது அவருக்குப் பதில் சொல்கிறது. தினமும் காலை 10 மணிக்கு ஒரே ஒரு தாளை அவர் மேசையில் வையுங்கள்: நேற்று மையங்களில் வாங்கிய கிலோ, தொட்டியில் ஏறிய கிலோ, முந்திய நாள் இலையில் வந்த தூள், மூட்டை எண்ணிக்கை. நான்கு எண். அவை ஒத்துப்போனால் கேள்வி இல்லை. ஒத்துப்போகாவிட்டால் அன்றே தேடுங்கள், மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

எப்போது தொடங்குவது என்பதில் மிகக் கவனம் வேண்டும். நிதியாண்டு என்பதால் ஏப்ரல் 1 என்றுதான் எல்லா மென்பொருள்காரர்களும் சொல்வார்கள். நீலகிரியில் அதற்குப் பிறகு இலை குவியத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 11.2 கோடி டாலர் மென்பொருள் திட்டம் ஒன்றை, 48 மாதம் ஆகும் என்ற யோசனையைத் தள்ளி 30 மாதத்தில் முடிக்கப் பார்த்து, 1999 ஜூலையில் இயக்கியது. அக்டோபர் இறுதியின் ஹாலோவீன் பண்டிகைக்கு ஆர்டர்கள் வந்து குவியும் நேரம் அது. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போனது. உங்களுக்கு உறைபனி விழுந்து இலை குறையும் ஜனவரியும் பிப்ரவரியும்தான் காலம். அதற்கு முந்திய இரண்டு மாதம் விதி எழுதவும் பட்டியல் சுத்தம் செய்யவும் போகட்டும். ஜனவரியின் முதல் இரண்டு வாரம், தொழிற்சாலைக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு மையங்களில் மட்டும் ஓட்டுங்கள். பிறகு ஒன்பதிலும். பிப்ரவரி முழுக்க நோட்டும் மென்பொருளும் சேர்ந்து ஓடட்டும். பட்டுவாடாவில் ஒவ்வொரு விவசாயிக்கும் கிலோவும் ரூபாயும் ஒரு பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போன அன்று நோட்டை மூடிவிடுங்கள். இரண்டையும் காலவரையின்றி ஓட்டினால் நோட்டுதான் ஜெயிக்கும், உங்களிடம் இப்போது நடப்பதுபோல.

முதல் கட்டத்தில் நான்கு வேலை மட்டும்: இலை, பட்டுவாடா, தூள் லாட், ஏல வரவு. சம்பளம், விறகு, உதிரிபாகம், சி.டி.சி. உருளை சாணை பிடிக்கும் கணக்கு எல்லாம் ஒரு வருடம் காத்திருக்கலாம். டாலியையும் தூக்கி எறிய வேண்டாம். எழுத்தர்களுக்குக் கைவந்தது, ஆடிட்டருக்கும் பழக்கம். விவசாயிவாரிக் கணக்கு மென்பொருளில் மட்டும் இருக்கட்டும். டாலியில் ‘பசுந்தேயிலை விவசாயிகள்’ என்று ஒரே மொத்தக் கணக்கு வைத்து, மாத முடிவில் இரண்டு மொத்தமும் ஒன்றா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தடம் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பழைய எடைச்சீட்டைத் திறந்து அழித்து எழுதும் வசதி யாருக்கும் இருக்கக் கூடாது. பிழை என்றால் திருத்தச் சீட்டு ஒன்று, காரணத்தோடு.

சிக்னல் இல்லாத மையங்களுக்கு, கருவியிலேயே சேமித்துவைத்துச் சிக்னல் வந்ததும் அனுப்பும் செயலிதான் சரிப்படும். கூடவே வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் ஒன்று, மின்தடை நாளுக்கு. மறுநாள் காலை 10 மணிக்குள் அவை ஏறிவிட வேண்டும். எந்த எண்ணும் விடுபடக் கூடாது.

இப்போதைய மென்பொருளை வைத்துக்கொள்வதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. போன வருடத்தின் மோசமான மழை நாள் ஒன்றை நோட்டிலிருந்து எடுங்கள்: இரண்டு மையத்தில் மின்சாரம் இல்லை, ஒரு ஏஜென்டின் லாரி தாமதம், ஒரு மூட்டை நிராகரிப்பு, ஒருவர் ஏஜென்ட் மாறியிருக்கிறார். அந்த நாளின் எல்லாச் சீட்டுகளையும் முதல் எடையிலிருந்து விவசாயியின் பாக்கி வரை மென்பொருளில் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். ஒரு முழு நாள் ஆகும். பின்விலை, நான்கு கட்ட எடை, இலைத் தேதி, கிடங்கு லாட் ஆகிய நான்கும் அதில் சோதிக்கப்பட வேண்டும். கோவை நிறுவனம் இவற்றைச் செய்துகாட்டினால் அவர்களோடே தொடருங்கள். மேற்கொண்டு ஆகும் செலவு 32 லட்சத்தில் சிறு பங்குதான் இருக்கும். முதல் இரண்டில் ஒன்றைக்கூட முடியாது என்று சொன்னால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

எந்த நிறுவனமானாலும் ஒப்பந்தத்தில் பணத்தை இப்படிப் பிரியுங்கள்: கையெழுத்துக்கு 20 சதவீதம், மழை நாள் சோதனையில் தேறியதும் 20, தொடர்ந்து இரண்டு மாதப் பட்டுவாடா பிசகாமல் ஒத்துப்போனதும் 40, மார்ச் கணக்கை ஆடிட்டர் முடித்ததும் மீதி. ‘நிறுவி முடித்தோம்’ என்பதற்குப் பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில், நிறுவியதோடு அவர்கள் ஆர்வமும் முடிந்துவிடும். உங்கள் ஆலை இரவிலும் ஓடுவதால் இரவு உதவிக்கான தொலைபேசி எண்ணும், உங்கள் தரவு முழுவதையும் எப்போது கேட்டாலும் எக்செல் கோப்பாகத் தர வேண்டும் என்ற ஷரத்தும் சேர்த்துக்கொள்ளுங்கள். 32 லட்சம் கேட்கும் நிறுவனத்துக்கும் இதே மழை நாள் சீட்டுகளின் நகலை அனுப்புங்கள். கோத்தகிரிக்கு வந்து உங்கள் எடை மேடையில் வைத்து ஓட்டிக்காட்டட்டும். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.